வீட்டைக் குளிர வைத்த கைகள் - வேலூர் வெயிலும் பராமரிப்பின் வரலாறும்

வேலூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை மூன்று. கோட்டை, சி.எம்.சி. மருத்துவமனை, வெயில்! நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று இந்த ஊரைக் கேலி செய்யும் பேச்சு ஒன்று வெகு காலமாக உண்டு. கேலிதான் என்றாலும் வெயிலுக்கான காரணமும் அதிலேயே அடங்கியிருக்கிறது. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகின்றன. கடற்காற்றும் இவ்வளவு தூரம் உள்ளே வருவதற்குள் வலுவிழந்து விடும். அக்னி நட்சத்திரக் காலத்தில் தமிழகத்தின் அன்றாட வெப்பநிலைப் பட்டியலில் வேலூரும் திருத்தணியும் முன்வரிசையில் நிற்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் புதிதல்ல.

காட்பாடியில் ஏறினால் பேருந்து வேலூர் நகரைக் கடந்து கொண்டு போய் விடும் இடம் பாகாயம். சி.எம்.சி.யின் மருத்துவக் கல்லூரி வளாகமும் மனநல மையமும் இங்குதான் உள்ளன. சுற்றிலும் குடியிருப்புத் தெருக்கள். இன்று இந்தத் தெருக்களில் மாடிச் சுவர்களில் ஏசியின் வெளி யூனிட்டுகள் தொங்குவதைப் பார்க்கலாம். அவை இல்லாத காலத்தில் இதே வெயிலில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? "அந்தக் காலத்து வீடு குளுகுளுவென்று இருக்கும்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். ஆனால் எந்த வீடும் தானாகக் குளிர்ந்து விடவில்லை. யாரோ ஒருவர் ஆண்டுதோறும், சில இடங்களில் நிமிடந்தோறும், வேலை செய்து கொண்டே இருந்ததால்தான் அது குளிர்ந்தது. அந்த வேலையின் வரலாறே இந்தக் கட்டுரை.

கடுக்காய்க்கு இரண்டு வேலை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பகுதியில் கடுக்காய் நன்கு அறிமுகமான பொருள். குரோமியம் உப்பு வருவதற்கு முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. அதே கடுக்காய் இன்னொரு வேலையும் செய்தது. அது வீட்டுக் கூரையில்!

அந்தக் காலத்து மெத்தை வீடுகளின் தளத்துக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் 'மெட்ராஸ் டெரஸ்'. சுவருக்குச் சுவர் தேக்கு மர உத்தரங்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சாய்வு வரிசைகளாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு.

இதில் மிகவும் கடினமான வேலை ஜல்லி அடுக்கை இறுக்குவதுதான். பெண் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக் கொண்டே இருப்பார்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் வெல்லத்தின் சர்க்கரையும் சேர்ந்து சாந்தைக் குழைவாக்கி, பிறகு இறுகச் செய்யும். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்க உதவும் என்பதால் இத்தகைய சாந்துக் கலவைகளை வேலூரின் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தளம் எப்படிக் குளிர்ச்சி தந்தது? செங்கல் ஜல்லியில் காற்று அடைபட்ட நுண்துளைகள் நிறைய உண்டு. சூடு அவற்றைக் கடந்து இறங்கத் தாமதமாகும். உயரமான கூரை, தடித்த சுவர், நடுவில் முற்றம் ஆகியவையும் சேர்ந்து கொண்டன. பகல் சூடு உள்ளே இறங்கி முடிப்பதற்குள் மாலை வந்து விடும்.

போகிக்கும் கோடைக்கும் என்ன தொடர்பு?

மெத்தை வீடு கட்டியதோடு வேலை முடிந்து விடாது. சுண்ணாம்புத் தளத்தில் வெடிப்பு விழும். பறவை எச்சத்தில் வந்து விழும் விதையால் அரசும் ஆலும் முளைக்கும். அவற்றை வேரோடு எடுத்து, வெடிப்பைக் கீறி, புதுச் சாந்து அடைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பு இதைச் செய்யாத வீட்டில் மழைநீர் இறங்கி உத்தரத்தை உளுக்க வைக்கும். ஈரமேறிய தளம் வெயிலையும் சரியாகத் தடுக்காது.

அடுத்தது வெள்ளையடிப்பு. போகிக்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிப்பதைப் பண்டிகைச் சடங்காகவே பார்த்துப் பழகி விட்டோம். நாட்காட்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்திருக்கும் நேரம் அது. அடுத்து வரப்போவது மாசி, பங்குனி, சித்திரை வெயில். வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். மழையில் பாசி பிடித்துக் கறுத்த சுவர் சூட்டை உறிஞ்சும். பொங்கல் வெள்ளையடிப்பு என்பது கோடை தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே செய்து முடிக்கப்பட்ட ஒரு பராமரிப்பு வேலையும்தான்!

மெத்தை வீடு வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. பெரும்பாலானோர் இருந்தது நாட்டு ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும். ஓலைக் கூரை வெயிலைத் தடுப்பதில் மிகச் சிறந்தது. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் மக்கி விடும். புதுக் கீற்று வாங்கி மறுபடி வேய வேண்டும். கையில் காசில்லாத ஆண்டில் வேய முடியாது. அந்த ஆண்டு வெயிலும் ஒழுகும், மழையும் ஒழுகும். தீப்பிடித்தால் ஒரு வரிசையே போய் விடும். "அந்தக் காலத்துக் குளிர்ச்சி" என்று பேசும்போது இந்தப் பக்கத்தை மறந்து விடக்கூடாது.

வெட்டிவேர்த் தட்டியும் பங்காவும்

நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை எடுத்துக் கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோ ஜூல் வெப்பம் தேவை. மண்பானை நீரைக் குளிர்விப்பது இந்தத் தத்துவம்தான். இதையே ஜன்னலுக்குக் கொண்டு வந்ததுதான் வெட்டிவேர்த் தட்டி. வெட்டிவேரைப் பாயாக முடைந்து கதவிலும் ஜன்னலிலும் தொங்க விட்டு நனைத்தால், உள்ளே வரும் அனல்காற்று குளிர்ந்து மணத்தோடு வரும். ஆங்கிலேயர்கள் 'வெட்டிவேர்' என்ற தமிழ்ப் பெயரையே தங்கள் மொழியில் 'வெட்டிவர்' என்று எடுத்துக் கொண்டார்கள். காற்று ஈரமாக இருக்கும் கடற்கரையை விட, உலர்ந்த அனல் வீசும் வேலூர் போன்ற உள்நாட்டு ஊருக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும்.

ஆனால் தட்டி காய்ந்தால் பயனில்லை. யாராவது ஒருவர் நாள் முழுதும் வெயிலில் நின்று நீர் தெளிக்க வேண்டும். நீர் சுமந்து வர இன்னொருவர்.

பங்காவின் கதை இதைவிடக் கொடுமையானது. வெள்ளைக்காரர்களின் பங்களாக்களிலும் நீதிமன்றங்களிலும் உத்தரத்திலிருந்து தொங்கிய பெரிய துணி விசிறிதான் பங்கா. அதன் கயிறு சுவர்த் துளை வழியாக வெளியே போகும். அங்கே வராந்தாவில் உட்கார்ந்து ஒருவர் இரவும் பகலும் இழுத்துக் கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவர் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை! அவர் கண்ணயர்ந்து காற்று நின்றால் மட்டும் அவர் இருப்பது நினைவுக்கு வரும். எழுந்து வந்து உதைத்ததில் பங்கா இழுப்பவர்கள் உயிரிழந்த வழக்குகள் காலனிய நீதிமன்றங்களில் பதிவாகியுள்ளன. மலேரியாவால் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, அதனால்தான் ஒரே உதையில் கிழிந்து விட்டது என்று வாதாடி, வெள்ளைக்காரர்கள் அபராதத்தோடும் சிறு தண்டனையோடும் தப்பித்ததுண்டு. ஒருவர் தூங்குவதற்கான குளிர்ச்சிக்கு இன்னொருவரின் தூக்கம் விலையாக இருந்தது.

'ஒரு டன் ஏசி' - எந்த டன்?

கடைக்குப் போனால் "ஒரு டன் வேணுமா, ஒன்றரை டன் வேணுமா?" என்று கேட்கிறார்கள். ஏசியின் எடை ஒரு டன் இல்லையே, பின் அது என்ன கணக்கு? விடை பனிக்கட்டி வணிகத்தில் இருக்கிறது.

1833-ஆம் ஆண்டு அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர், பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக ஏறத்தாழ 100 டன் வந்து சேர்ந்தது. சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் மெரினா கடற்கரையில் கட்டப்பட்டதுதான் ஐஸ் ஹவுஸ். பின்னாளில் இங்கேயே பனிக்கட்டி தயாரிக்கும் இயந்திரங்கள் வந்ததும் கப்பல் வணிகம் படுத்து விட்டது. கட்டடம் கை மாறியது. 1897-இல் விவேகானந்தர் அங்கு தங்கினார். 1963-இல் அது விவேகானந்தர் இல்லம் ஆனது.

இயந்திரக் குளிர்ச்சி வந்தபோது அதை எதனோடு ஒப்பிட்டு அளப்பது? மக்களுக்குத் தெரிந்த அளவு பனிக்கட்டிதான். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை எடுத்துக் கொள்ளுமோ, அதுவே 'ஒரு டன்' குளிர்ச்சி. இன்றைய அளவில் மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட். பாகாயத்தில் ஒரு படுக்கையறையில் ஓடும் ஒரு டன் ஏசிக்கும் டியூடரின் கப்பலுக்கும் உள்ள உறவு இதுதான்.

குளிர்சாதனத்தின் தொடக்கத்தில் ஒரு மருத்துவரும் இருக்கிறார். அமெரிக்காவின் புளோரிடாவில் ஜான் கோரி என்பவர் 1840-களில் காய்ச்சல் நோயாளிகளின் அறையைப் பனிக்கட்டியால் குளிர வைக்க முயன்றார். அந்தத் தேவைக்காகவே பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 1851-இல் காப்புரிமை பெற்றார். 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வடிவமைத்தார். நவீன ஏசியின் தொடக்கமாக அதையே சொல்கிறார்கள். ஆக, முதல் ஏசி மனிதர்களுக்காகச் செய்யப்படவில்லை, காகிதத்துக்காகச் செய்யப்பட்டது!

மலைக்குப் போனவர்கள்

வெயிலைச் சமாளிக்க இன்னொரு வழியும் இருந்தது. ஊரை விட்டே போய் விடுவது! மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள், நோய்க்கும் வெப்பத்துக்கும் பலரைப் பறிகொடுத்த பின் 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடையில் உதகமண்டலத்துக்கு மாறியது. அங்கே பிரச்சினை தலைகீழ். வீட்டைச் சூடாக்க வேண்டும். கணப்பு மூட்ட விறகு வெட்டவும், சாம்பல் அள்ளவும், புகைபோக்கியைச் சுத்தம் செய்யவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். மலை மேலும் சரி, கீழும் சரி, வேலை செய்யும் கைகள் மட்டும் மாறவில்லை.

சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர். 1900-இல் வேலூரில் சிறிய அளவில் வைத்தியம் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஆரம்பித்தார். பாகாயத்தில் கல்லூரி வளாகம் எழுந்தது 1930-களில். இந்த மண்ணின் வெயிலிலேயே வேலை செய்த அவரும் ஓய்வுக்குக் கொடைக்கானலுக்குத்தான் போனார். 1960-இல் அங்கேயே காலமானார். மலைக்குப் போக வழியுள்ளவர் போகலாம். போக முடியாதவருக்கு வீடு குளிர வேண்டும்.

மின்விசிறி தந்த சமத்துவம்

மின்சாரம் வந்ததும் பங்காக் கயிறு அறுந்தது. பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இலும் மேட்டூர் 1937-இலும் உற்பத்தியைத் தொடங்கின. அடுத்த பல பத்தாண்டுகளில் கம்பிகள் ஊர் ஊராகச் சென்றன. யாரையும் வராந்தாவில் உட்கார வைக்காமல் காற்று வாங்க முடிந்தது வரலாற்றில் சாதாரண விஷயமல்ல.

மின்விசிறியோடு ஒரு புதிய தொழிலாளியும் வந்தார். தெருமுனையில் காயில் கட்டும் கடைக்காரர்! ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சர் மாற்றுவார். சத்தம் போட்டால் பேரிங் மாற்றுவார். எரிந்து போனால் செம்புக் கம்பியை மறுபடி சுற்றித் தருவார். முப்பது வருடம் ஓடிய ஃபேன்கள் நம் வீடுகளில் இருப்பதற்கு இவர்களே காரணம்.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டரோடு மின்விசிறியும் வழங்கத் தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டுதான் தமிழகத்தில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. வீட்டில் விசிறி இருந்தது, சுற்றவில்லை. பரணில் கிடந்த பனையோலை விசிறி மறுபடி இறங்கியது. வசதியுள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது வீட்டு வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்து கொண்டது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றித் தரப்படுகிறது. ஒரு ஃபேனுக்கு அது பெரிய உதவி. ஏசிக்குப் போதாது.

மின்விசிறிக்கு ஓர் எல்லையும் உண்டு. அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடலை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வேலூர் வெயிலில் இது ஏட்டுச் செய்தி அல்ல.

கான்கிரீட் கொண்டு வந்த சூடு

ஓலைக் கூரையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியது பெரிய முன்னேற்றம். தீ பயமில்லை, ஒழுகல் பயமில்லை. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2010-இன் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இன் பசுமை வீடுகள் திட்டம் எல்லாம் இந்த மாற்றத்தை ஏழைகளிடம் கொண்டு சேர்த்தன. இதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து விட்டு, ஆட்கள் படுக்கும் நேரத்தில் அறைக்குள் கக்கும். மெட்ராஸ் டெரஸ் போனாலும் அதன் மேலடுக்கு மட்டும் வெகு காலம் பிழைத்திருந்தது. கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் வழக்கம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். "மாடி எழுப்பும்போது போட்டுக்கலாம்" என்று தள்ளிப் போடுவார்கள். மாடியும் எழும்பாது, சுருக்கியும் வராது. அந்தச் சூட்டை விரட்ட ஏசி வாங்க வேண்டி வரும். தளத்தில் மிச்சம் பிடித்த பணம் மின்கட்டணமாகப் போய்க் கொண்டே இருக்கும்!

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகர ஷீட் வீடுகளின் நிலை இன்னும் மோசம். பகலில் தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்து விட்டு வருபவருக்கு இரவில் தலைக்கு மேல் ஷீட் என்றால், அந்த உடல் எப்போது ஆறும்?

ஏர் கூலர் வாங்கலாம் என்றால் தண்ணீர் பிரச்சினை. வெட்டிவேர்த் தட்டியின் பேரன்தான் ஏர் கூலர். அதற்கும் நீர் வேண்டும், அதுவும் உப்பில்லாத நீர். தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் உப்பேறிய கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த அந்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். உப்பு நீர் ஊற்றிய கூலரின் பேடில் வெள்ளைப் பொருக்குப் படிந்து காற்று அடைபடும். கெய்சரின் உள்ளேயும் அதே உப்பு படிந்து காயில் எரியும். ஆற்றைப் பராமரிக்கத் தவறியதன் விலை வீட்டுச் சாமான் வரை வந்து சேர்கிறது.

ஏசியும் மெக்கானிக்கும்

இந்தியாவில் புளூ ஸ்டார் 1943-இலும் வோல்டாஸ் 1954-இலும் தொடங்கப்பட்டன. பல பத்தாண்டுகள் ஏசி என்பது அறுவை சிகிச்சை அரங்கு, சினிமா தியேட்டர், பெரிய அலுவலகம் ஆகியவற்றின் சொத்தாக இருந்தது. சாதாரண வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது இந்த நூற்றாண்டில்தான். வேலூரில் சிகிச்சைக்காக வடக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து தங்குபவர்களிடம் விடுதிகள் கேட்கும் முதல் கேள்வியே "ஏசியா, நான் ஏசியா?" என்பதுதான்.

ஏசிக்கும் பராமரிப்பு உண்டு. வீட்டுக்காரரே செய்யக் கூடியது, செய்யக் கூடாதது என்று அதில் இரண்டு வகை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது முதல் வகை. கோடையில் மாதம் இருமுறையாவது செய்தால் மின்செலவு குறையும். வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்றோட்டம் விடுவதும், தண்ணீர் போகும் குழாய் அடைக்காமல் பார்த்துக் கொள்வதும் அப்படியே.

இரண்டாவது வகையில்தான் ஏமாற்றம் அதிகம். "வருஷா வருஷம் கேஸ் ஏத்தணும்" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஏசிக்குள் இருக்கும் வாயு பெட்ரோல் போல எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஏற்றினால் அதுவும் வெளியேதான் போகும்.

வெளியே போவது காசு மட்டுமல்ல. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. பிறகு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடவில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல சுமார் 2,000 மடங்கு வலிமை உள்ளது. இப்போது பரவலாக உள்ள ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. இவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் வந்த கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. ஆனால் ஆர்-32 லேசாகத் தீப்பற்றக் கூடியது. அதைக் கையாளப் பயிற்சி வேண்டும். உலக உடன்படிக்கை ஒரு வீட்டில் நிறைவேறுகிறதா இல்லையா என்பது கடைசியில் ஸ்பேனரோடு வரும் அந்த மெக்கானிக்கின் கையில்தான் இருக்கிறது.

ஐ.டி.ஐ.களில் இதற்கென்றே இரண்டு ஆண்டுப் படிப்பு உண்டு. 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் பழுது நீக்குநர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. ஆனாலும் பலர் இன்றும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, கண்ணால் பார்த்தே தொழில் கற்கிறார்கள். வெளி யூனிட்டைப் பெரும்பாலும் கை எட்டாத சுவரில்தான் மாட்டுகிறோம். சித்திரை வெயிலில், சன்ஷேடு விளிம்பில், இடுப்பில் கயிறு கூட இல்லாமல் நின்று ஒருவர் அதைக் கழுவுகிறார். பங்கா இழுத்தவரைப் போலவே இவரும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்!

வெயில் இப்போது பேரிடர்

குளிர்ச்சி ஆடம்பரமா, தேவையா? உலகம் இதற்குக் கசப்பான வழியில் விடை கண்டது. 1995-இல் அமெரிக்காவின் சிகாகோவில் வெப்ப அலை 700-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பலர் தனியாக வசித்த முதியவர்கள். 2003-இல் ஐரோப்பாவில் சுமார் 70,000 பேர் இறந்தார்கள். இந்தியாவில் 2010 வெப்ப அலைக்குப் பிறகு அகமதாபாத் விழித்துக் கொண்டு 2013-இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. வெள்ளை வண்ணம் பூசிய குளிர் கூரைகள் அங்கே பின்னர் அரசு முயற்சியாகவே நடந்தன. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

குளிர் கூரை என்று இன்று சொல்வது வேறொன்றுமில்லை. பொங்கலுக்கு அடித்த அந்தச் சுண்ணாம்பு இப்போது மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறது. செலவு அதிகமில்லை. ஆனால் ஒரு தடவை பூசி விட்டு மறந்தால் தூசியும் பாசியும் படிந்து பலன் குறையும். ஆண்டுதோறும் கழுவ வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி பூச வேண்டும். தாத்தா காலத்து வேலைதான்.

முடிவாக

வேலூர் வெயிலின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. குளிர்ச்சி என்பது ஒரு தடவை வாங்கி வைக்கும் பொருள் இல்லை. ஓலையோ, சுண்ணாம்போ, வெட்டிவேரோ, ஏசியோ, எதுவானாலும் பராமரிக்கும் வரைதான் குளிரும். அந்தப் பராமரிப்புக்கு முன்பு ஒரு நாட்காட்டி இருந்தது. மழைக்கு முன் வெடிப்பு, பொங்கலுக்கு முன் வெள்ளை. ஏசி வந்த பிறகு நாட்காட்டி போய் விட்டது. பழுதானால் மட்டும் ஆளைத் தேடுகிறோம், அதுவும் மே மாதத்தில், ஊரே தேடும்போது.

தை மாதத்திலேயே மொட்டை மாடியைக் கழுவி வெள்ளை பூசலாம். மாசியில் ஏசியைச் சர்வீஸ் செய்து விடலாம். கசிவு எங்கே என்று கேட்காமல் கேஸ் ஏற்ற விடக் கூடாது. புதிதாக மாட்டுபவர்கள் வெளி யூனிட்டை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ, ஆள் நின்று வேலை செய்யக் கூடிய இடத்தில் வைக்கச் சொல்லலாம். குழாய்க்குச் சில நூறு ரூபாய் கூடுதலாக ஆகும். அதைக் கழுவ வருபவர் பத்திரமாக இறங்கி வீட்டுக்குப் போவார்.